ஹெரோயின் வீட்டுக்குள் வந்தால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பிள்ளை ஹெரோயின் பாவிக்கிறான் என்று தெரியவந்ததும் எங்கள் வடக்குப் பக்கத்து வீடுகளில் வழமையாக நடப்பவை மூன்று. முதலில் அடி விழும். அடுத்து அறைக்குள் விட்டுப் பூட்டுவார்கள். நாலைந்து நாளில் கொஞ்சம் தெளிந்து சாப்பிடத் தொடங்கியதும் கலியாணப் பேச்சு எழும், இல்லாவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்பும் பேச்சு எழும். பெற்றவர்கள் பாசத்தாலும் பயத்தாலும்தான் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் இந்த மூன்றுமே அந்தப் பிள்ளையின் உயிருக்கு உலை வைக்கக்கூடியவை.

ஹெரோயினில் சாவு மிகக் கிட்ட வருவது, கொஞ்சக் காலம் விட்டிருந்துவிட்டு மறுபடி தொடும் நாளில். தினமும் பாவிப்பவரின் உடம்பு ஓர் அளவைத் தாங்கப் பழகியிருக்கும். நிறுத்தினால் அந்தத் தாங்குசக்தி சில நாட்களிலேயே குறையத் தொடங்கிவிடும். ஆசை மட்டும் குறையாது. பூட்டிய அறையோ மறியலோ புனர்வாழ்வு நிலையமோ, எங்கிருந்து வெளியே வந்தாலும் முதல் சில வாரங்களில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். "விட்டுட்டான், இனிப் பயமில்லை" என்று வீடு ஆறுதல்படும் அதே கிழமையில்தான் ஆபத்து உச்சத்தில் நிற்கிறது. கீழே உள்ளவற்றை இதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில், இது என்ன?

அபின் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலில் மோர்பின் இருக்கிறது. அதை இரசாயன முறையில் மாற்றிச் செய்வதே ஹெரோயின். 1874இல் லண்டனில் ஆல்டர் ரைட் என்ற வேதியியலாளர் இதை முதன்முதலில் தயாரித்தார். 1898இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாகவே விற்பனைக்கு விட்டது. பழகியவர்களால் விட முடியவில்லை என்பது சில ஆண்டுகளுக்குள் தெரிந்துபோயிற்று.

இலங்கைக்கு வரும் ஹெரோயினில் பெரும்பங்கு ஆப்கானிஸ்தான் அபினிலிருந்து வருவது. ஈரான், பாகிஸ்தான் கரைகளிலிருந்து அரபிக்கடல் வழியாக, நடுக்கடலில் பலநாள் மீன்பிடிப் படகுகளுக்குக் கைமாறி வந்துசேர்கிறது. தெருவில் 'குடு' என்றும் 'தூள்' என்றும் சொல்வார்கள். பழுப்பு நிறத் தூள், சிறு பக்கெட்டுகளில் விற்கப்படும். வரும் வழியில் எத்தனை கை கலந்தது, எதைக் கலந்தது என்பது விற்பவனுக்கே தெரியாது. இன்றைய பக்கெட்டும் நாளைய பக்கெட்டும் ஒரே வீரியத்தில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இரத்தத்தில் கலந்ததும் ஹெரோயின் வேகமாக மூளைக்குப் போய் மோர்பினாக மாறுகிறது. வலி, கவலை, பசி எல்லாம் சற்று நேரம் அடங்கிவிடும். அதே வேளை மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதியும் மந்தமாகும். இரத்தத்தில் கரியமிலவாயு கூடினால் "மூச்சை இழு" என்று உடம்பு தானாகவே கட்டளையிட வேண்டும். ஹெரோயின் கூடினால் அந்தக் கட்டளை பிறக்காது. சாவு வருவது இந்த வழியாகத்தான்.

சந்தேகம் வரும்போது

கவனிக்க வேண்டியவை:

- கண்மணியைப் பாருங்கள். மங்கலான வெளிச்சத்தில் எல்லோருக்கும் கண்மணி விரியும். ஹெரோயின் எடுத்தவருக்கு மாலை நேரத்து விறாந்தையிலும் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியே இருக்கும்.
- பேசிக்கொண்டிருக்கும்போதே தலை மெல்லச் சாய்கிறதா? சோற்றுக் கோப்பைக்கு முன்னால் கண் செருகி, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திடுக்கிட்டு நிமிர்கிறாரா? மூக்கையும் கன்னத்தையும் அடிக்கடி சொறிகிறாரா? நீடித்த மலச்சிக்கல் இருக்கிறதா?
- திரும்பத் திரும்ப வந்து போகும் 'தடிமனை'க் கவனியுங்கள். காலையில் கொட்டாவி, மூக்கால் ஒழுகல், கண்ணீர், மயிர்க்கூச்சம், வயிற்றுப் பிடிப்பு, கைகால் உளைவு. "ஒருக்கா வெளியில போட்டு வாறன்" என்று போய் அரை மணியில் திரும்பும்போது எல்லாம் மாயமாகியிருக்கும். உண்மையான தடிமன் அரை மணியில் மாறாது. தூளின் வேகம் அடங்கியதால் வந்த உபாதை, தூள் கிடைத்ததும் போயிருக்கிறது.
- குளியலறையிலும் மெத்தைக்கு அடியிலும் ஈயத்தாள் துண்டுகள் கிடக்கிறதா? நீளவாக்கில் மடித்து, நடுவில் கருகிய பழுப்புக் கோடு ஓடியிருக்கும். பக்கத்தில் சுருட்டிய தாளோ பேனைக் குழாயோ இருக்கலாம். கடும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டால் கையைப் பாருங்கள்.
- வீட்டில் குறைவனவற்றைக் கணக்கெடுங்கள். முதலில் சில்லறைக் காசு, பிறகு போன், தண்ணீர் மோட்டர், சைக்கிள், கடைசியில் அம்மாவின் சங்கிலி.

அடிமையாகிவிட்டதற்கான அறிகுறிகள் வேறு. அளவு கூடிக்கொண்டே போகும். விட நினைத்தும் முடியாது. நாளின் பெரும்பகுதி அதைத் தேடுவதிலும் எடுப்பதிலும் அதிலிருந்து தெளிவதிலும் கழியும். படிப்பு, வேலை, உறவு எல்லாம் கெடுவது தெரிந்தும் தொடரும். எடுக்காவிட்டால் உடம்பு உளையும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து நீடித்தால் புத்தி சொல்லித் திருத்தும் கட்டம் தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள். அது இனி வைத்தியம் தேவைப்படும் நோய்.

செய்யக்கூடாதவை:

- ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பரீட்சைக் களைப்பு, மனச்சோர்வு, வேறு நோய், வேறு மருந்து எதுவும் ஒன்றிரண்டு அறிகுறிகளைக் காட்டலாம். கொடெயின் கலந்த இருமல் பாணி குடித்தவரின் சிறுநீர்ப் பரிசோதனையும் அபின் வகை என்றே காட்டக்கூடும். பாவித்த இரண்டு மூன்று நாளுக்குப் பின் செய்யும் பரிசோதனை ஒன்றும் இல்லை என்றும் காட்டலாம். முடிவைப் படித்துச் சொல்ல ஒரு வைத்தியர் வேண்டும்.
- எல்லாப் போதையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். 'ஐஸ்' என்ற வேறு போதைப்பொருளை எடுத்தவருக்குக் கண்மணி விரியும், நாட்கணக்கில் நித்திரை வராது, படபடப்பும் சந்தேகமும் கூடும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு, அவசர உதவியும் வேறு.
- "எங்கட பிள்ளை அப்பிடி இல்லை" என்று கண்ணை மூடாதீர்கள். பெண்பிள்ளைகளும் பாவிக்கிறார்கள். வெட்கம் கூடுதல் என்பதால் அவர்கள் பெரும்பாலும் மிகப் பிந்தியே வைத்தியரிடம் வருகிறார்கள்.

பேசும்போது

செய்ய வேண்டியவை:

- அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். அப்பாவின் சத்தத்துக்குப் பிள்ளை ஒடுங்கினால், சின்னம்மாவோ அவர் மதிக்கும் அண்ணாவோ பேசட்டும்.
- கண்டதைச் சொல்லுங்கள், பட்டம் சூட்டாதீர்கள். "தம்பி, மூண்டு நாளா உன்ர கண்ணைப் பாக்கிறன். குசினிக்குப் பின்னால ஈயத்தாளும் கண்டனான். எனக்குப் பயமாக் கிடக்கு. என்ன எடுக்கிறாய் எண்டு சொல்லு, அடிக்கமாட்டன்." இவ்வளவு போதும். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.
- எவ்வளவு காலமாக, எத்தனை நாளுக்கு ஒருமுறை, புகைத்தா ஊசியாலா, கூடவே குளிசை அல்லது சாராயம் உண்டா என்று கேளுங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.
- பேச்சு முடியுமுன் அடுத்த ஒரே ஒரு படியைத் தீர்மானியுங்கள். "வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு ரெண்டு பேரும் போவம்" என்பது "இனித் தொடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு" என்பதைவிடப் பலமடங்கு பயனுள்ளது.

செய்யக்கூடாதவை:

- 'குடுகாரன்' என்று கூப்பிடாதீர்கள். அந்தப் பெயர் அவருக்குத் தெருவில் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டிலும் அதே பெயர் என்றால் அவர் தெருவிலேயே நின்றுவிடுவார்.
- சாமிப்படத்தின் முன், அம்மாவின் தலையில் அடித்து என்றெல்லாம் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியத்தை மீறியவர் அதன்பின் உண்மை சொல்லமாட்டார். பொய் தொடங்கினால், எப்போது எடுத்தார் என்று தெரியாமலே ஆபத்தை எதிர்கொள்வீர்கள்.
- கோயிலுக்கு நேர்த்தி வைப்பதும் தேவாலயத்தில் செபிப்பதும் உங்கள் விருப்பம். அவற்றை வைத்தியத்துக்கு மாற்றாக வைக்காதீர்கள்.

காசு விசயத்தில்

செய்ய வேண்டியவை:

- உணவு, உடை, பஸ் செலவு, மருந்து எல்லாவற்றையும் பொருளாகவோ நேரடிக் கட்டணமாகவோ கொடுங்கள்.
- நகை, வங்கி அட்டை, காணி உறுதி ஆகியவற்றை வீட்டுக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். அதைப் பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.
- கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் சொந்தங்களுக்கு உண்மையைச் சொல்லுங்கள். மாமா பாசத்தில் அனுப்பும் காசு பிள்ளையின் கைக்கு வந்தால், பெரும்பாலும் அன்றிரவே பக்கெட்டாக மாறும். உதவ விரும்பினால் சிகிச்சைச் செலவையோ தொழிற்கல்விக் கட்டணத்தையோ நேரே கட்டலாம்.

செய்யக்கூடாதவை:

- விற்பனைக்காரனின் கடனைத் திரும்பத் திரும்ப அடைக்காதீர்கள். அடைத்தால் அடுத்த கடனுக்கு நீங்களே பிணை நிற்பதாக அவன் கணக்குப் போடுவான். மிரட்டல் வந்தால் தனியாகச் சமாளிக்காமல் சட்டத்தரணியின் ஆலோசனையோடு பொலிசில் முறையிடுங்கள்.
- பிள்ளைக்கு ஒரு பக்கெட் வாங்கிக் கொடுக்க நீங்கள் போகாதீர்கள். உளைவைப் பார்க்கப் பொறுக்காமல் இப்படிப் போகும் தாய்மாரும் உண்டு. வைத்திருப்பதே குற்றம் என்பதால் மாட்டப்போவது நீங்கள்.

விடும் நாட்களில்

கடைசியாக எடுத்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கொட்டாவியும் ஒழுகலும் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாட்கள்தான் கொடுமை. வாந்தி, வயிற்றோட்டம், எலும்புக்குள் குடைவது போன்ற உளைவு, நித்திரையின்மை. ஒரு கிழமையில் உடம்பு பெரும்பாலும் அடங்கும். நித்திரைக் குழப்பமும் தேட்டமும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுக்கும். நல்ல உடல்நிலை உள்ளவரை இந்த உளைவு மட்டும் சாகடிப்பது அரிது. நீரிழப்பைக் கவனிக்காமல் விட்டால் சாகடிக்கலாம்.

செய்ய வேண்டியவை:

- விடுவதற்கு முன்பே வைத்தியரைப் பாருங்கள். போதனா மற்றும் ஆதார வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் கேட்கலாம். உளைவைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. மெதடோன், புப்ரினோர்பின் இரண்டும் 2005 முதல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா, எங்கே பெறலாம் என்று மனநல வைத்தியரிடமே கேளுங்கள்.
- ஜீவனி கரைசல், இளநீர், கஞ்சி, உப்புப் போட்ட சோற்றுத் தண்ணீர் என்று சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.
- சிறுநீர் போகாமை, தொடர் வாந்தி, வலிப்பு, குழப்பப் பேச்சு, தற்கொலைப் பேச்சு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

செய்யக்கூடாதவை:

- அறையில் பூட்டி வைக்காதீர்கள். சங்கிலி போடாதீர்கள். பூட்டிய கதவுக்குள் ஒருவர் வாந்தியில் புரையேறிக் கிடந்தாலும் தூக்குப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.
- சாராயமோ நித்திரைக் குளிசையோ சேர்த்துப் பாவித்தவரை வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள். அவற்றை நிறுத்தும்போது வலிப்பு வந்து உயிர் போகலாம்.
- கர்ப்பிணியை ஒருபோதும் வீட்டில் வைத்து நிறுத்தாதீர்கள். கரு கலையலாம், குறைமாதத்தில் பிறக்கலாம். அவருக்கு வைத்தியர் மேற்பார்வையில் தனிச் சிகிச்சை உண்டு.
- உளைவைக் குறைக்கப் பார்மசியில் ட்ரமடோலோ நித்திரைக் குளிசையோ நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பனடோல் கொடுத்தால் 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் குளிசை 8ஐத் தாண்டாதீர்கள். ஈரல் நோய் இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் அதையும் கொடுக்காதீர்கள்.

மயங்கிக் கிடந்தால்

இந்தப் பகுதியை வீட்டில் இருக்கும் எல்லோரும் வாசிக்க வேண்டும். தம்பி தங்கைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அடையாளம்: தட்டியும் கூப்பிட்டும் எழும்பமாட்டார். மூச்சு மிக மெதுவாக, மேலோட்டமாக இருக்கும், அல்லது இருக்காது. உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல் நிறமாகும். கண்மணி குண்டூசித் தலை அளவு. தொண்டையிலிருந்து நீர் கொதிப்பது போலக் களகளவென்று குறட்டை வரலாம். பல வீடுகளை ஏமாற்றுவது இந்தக் குறட்டைதான். "நல்லா நித்திரை கொள்ளுறான்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். என்றைக்கும் இல்லாத குறட்டை கேட்டால் உடனே போய் எழுப்பிப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை:

1. உரத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விரல் முட்டிகளால் நெஞ்செலும்பின் மேல் அழுத்தித் தேயுங்கள்.
2. அசைவில்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள். 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசம். "மூச்சு இல்லை" என்பதை முதலில் சொல்லுங்கள், பிறகு இடத்தைச் சொல்லுங்கள்.
3. மல்லாக்கக் கிடத்தி, நெற்றியைப் பின்னே சாய்த்து, நாடியைத் தூக்குங்கள். வாய்க்குள் ஏதும் தெரிந்தால் எடுத்துவிடுங்கள்.
4. மூச்சு இல்லாவிட்டால் மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து 5 நொடிக்கு ஒருமுறை ஊதுங்கள். நெஞ்சு உயருகிறதா என்று பாருங்கள். நாடித்துடிப்பும் இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம் ஆழமாக அழுத்துங்கள்.
5. தானாக மூச்சு விடத் தொடங்கினால் பக்கவாட்டில் படுக்க வைத்து, மேல் காலை மடித்து விடுங்கள். வாந்தி எடுத்தால் புரையேறாது. உதவி வரும்வரை பக்கத்தை விட்டுப் போகாதீர்கள்.
6. எடுத்தது ஹெரோயின் என்று அம்புலன்ஸ்காரரிடமும் வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அதை எதிர்த்து மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் நலொக்சோன் என்ற மருந்து இருக்கிறது. உண்மை சொன்னால்தான் அதை நேரத்தோடு கொடுக்க முடியும்.

செய்யக்கூடாதவை:

- தேசிக்காய்த் தண்ணீர், பால், மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போகும்.
- கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர் அள்ளி ஊற்றாதீர்கள். கன்னத்தில் அறைந்துகொண்டு நேரம் போக்காதீர்கள். தேவை காற்று, அதுவும் இந்த நிமிடத்தில்.
- நலொக்சோன் கொடுத்து எழும்பியதும் "சரி, சுகம்" என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்வரைதான். ஹெரோயின் அதைவிட நீண்டு நின்றால் மூச்சு மறுபடி அடங்கலாம்.
- அயலுக்குத் தெரிந்துவிடும், பொலிஸ் வரும் என்று தயங்காதீர்கள். வழக்கைப் பிறகும் பேசலாம். மூச்சு நின்ற மூளைக்கு இருப்பது ஒரு சில நிமிடங்களே.

சிகிச்சைக்கு இடம் தேடும்போது

செய்ய வேண்டியவை:

- தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனையும் சிகிச்சை இடங்களின் விவரமும் கேளுங்கள். மனநலப் பிரச்சினை சேர்ந்திருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் உண்டு.
- எந்த நிலையத்துக்குப் போனாலும் இவற்றைக் கேளுங்கள்: பதிவு உண்டா? வைத்தியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்? உளைவுக்கு மருந்து கொடுப்பீர்களா? குடும்பத்தார் பார்க்க வரலாமா? வெளியே வந்தபின் தொடர்ந்து பார்ப்பீர்களா?
- ஊசி போட்டவரானால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹெபடைடிஸ் சி இன்று பெரும்பாலானோருக்கு 8 முதல் 12 வாரக் குளிசையில் முழுமையாகக் குணமாகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் குளிரும் இருந்தால் இதய வால்வில் கிருமி தொற்றியிருக்கலாம். அதை ஒரு நாளும் பிற்போடாதீர்கள்.

செய்யக்கூடாதவை:

- அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் இடத்தில் விடாதீர்கள். அடி அடிமைத்தனத்தை மாற்றாது. அங்கே கற்றுக்கொள்வது மறைப்பதை மட்டுமே.
- "மறியலுக்குப் போனால் திருந்துவான்" என்று நீங்களே பிடித்துக் கொடுக்காதீர்கள். சில கிராம் ஹெரோயின் வழக்கே ஆயுள் தண்டனை, மரண தண்டனை வரை போகும் நாடு இது. 1976க்குப் பின் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் தண்டனை சட்டத்தில் இருக்கிறது. பாவிப்பவரைச் சிகிச்சைக்கு அனுப்ப 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பிடிபட்டால் முதல் நாளே சட்டத்தரணியிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

திரும்பி வந்தபின்

செய்ய வேண்டியவை:

- வந்த அன்றே இதைச் சொல்லுங்கள்: "உன்ர உடம்பு இப்ப பழைய அளவைத் தாங்காது. தவறிப்போய்த் தொட்டாலும் தனிய இருந்து எடுக்காத. எங்களிட்டச் சொல்லு." இதைச் சொல்வது அனுமதி கொடுப்பதாகாது. அவர் உயிரோடிருந்தால்தான் அடுத்த தடவை விட முடியும்.
- கிளினிக் நாள், வேலை, விளையாட்டு, சாப்பாட்டு நேரம் என்று நாளுக்கு ஓர் ஒழுங்கு வையுங்கள். பழைய போன் இலக்கத்தை மாற்றுவதும், முதல் சில மாதம் பழைய சந்தியைத் தவிர்ப்பதும் அவரே ஒப்புக்கொண்டு செய்தால் நல்லது.
- மறுபடி தொட்டால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். இந்த நோயில் சறுக்குவது சகஜம். சறுக்கிய அன்றே திரும்பி வருபவருக்கு மீள்வது இலகு.
- நீங்களும் யாரிடமாவது பேசுங்கள். நித்திரையில்லாத தாய் நெடுநாள் தாங்கமாட்டார்.

செய்யக்கூடாதவை:

- கலியாணம் கட்டி வைக்காதீர்கள். பெண் வீட்டாருக்கு மறைத்துக் கட்டினால் ஒரு நோயாளியோடு ஒரு பெண்ணின் வாழ்க்கையும் பிறக்கப்போகும் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து சிக்கும்.
- உடனே வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். பாரிஸ், டொரோண்டோ, சூரிச் எந்த நகரத்திலும் ஹெரோயின் உண்டு. அங்கே பக்கத்தில் அம்மா மட்டும் இருக்கமாட்டார்.
- ஒவ்வொரு தடவையும் பழையதைக் கிளறாதீர்கள். காணாமல் போன சங்கிலியின் கணக்கைச் சோற்றுக்கு முன்னால் எடுக்காதீர்கள்.

பள்ளிக்கூடமும் ஊரும்

செய்ய வேண்டியவை: மாணவர்களுக்கு உண்மையைச் சொல்லுங்கள். எடுத்தால் முதலில் நன்றாக இருக்கும் என்பதையும் மறைக்காமல், பிறகு என்ன ஆகும் என்பதைச் சொல்லுங்கள். மாணவர் ஒருவர் மாட்டினால் பெற்றோர், ஆலோசனை ஆசிரியர், வைத்தியர் மூவரையும் இணையுங்கள். ஊசி கிடந்தால் வெறுங்கையால் எடுக்காமல் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அகற்றுங்கள்.

செய்யக்கூடாதவை: "ஒருதரம் தொட்டாலே செத்துப்போவாய்" என்று பயமுறுத்தாதீர்கள். தொட்டுவிட்டுச் சாகாமல் நிற்கும் நண்பனைக் கண்ட பிள்ளை, அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் நம்பாது. மாட்டிய மாணவரைப் பள்ளியை விட்டுத் துரத்தாதீர்கள். துரத்தினால் அவரது பகல் முழுவதும் விற்பனைக்காரனுக்குச் சொந்தமாகும். பிடிபட்டவரின் படத்தை வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடாதீர்கள். அவருக்கு நாளை வேலை வேண்டும், அவரது தங்கைக்கு நாளை பள்ளிக்கூடம் உண்டு.

இப்போது பாவித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு

இந்தப் பக்கம் உங்கள் கையில் கிடைத்தால் நான்கு விசயங்கள். சாராயமோ நித்திரைக் குளிசையோ ஹெரோயினோடு சேர்த்தால் மூச்சை இரண்டு பக்கத்தாலும் நெரிக்கும். சேர்க்காதீர்கள். சில நாள் இடைவெளி விட்டிருந்தால் உங்கள் பழைய அளவு இப்போது உங்களைக் கொல்லும் அளவு. ஊசியை மட்டுமல்ல, கரண்டியையும் தண்ணீரையும் பஞ்சையும் பகிர்ந்தாலும் நோய் பரவும். நண்பன் மயங்கினால் ஓடாதீர்கள். 1990க்கு எடுத்துவிட்டு மூச்சு ஊதுங்கள். இன்று அவனுக்கு இதைச் செய்வது நீங்கள், நாளை உங்களுக்குச் செய்யப்போவது அவன்.

விட வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றினால் அந்த நிமிடத்திலேயே 1927க்கு எடுங்கள். முழுவதும் விடுவேன் என்று அங்கே சத்தியம் செய்யத் தேவையில்லை. கதைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னாலே போதும்.

வீட்டில் இன்றே செய்ய வேண்டியது

1990, 1927 இரண்டையும் வீட்டில் உள்ள எல்லாப் போனிலும் பதியுங்கள். மூச்சு ஊதும் முறையைப் பக்கத்து வைத்தியசாலைத் தாதியிடமோ முதலுதவி வகுப்பிலோ ஒருதரம் கையால் செய்து பழகுங்கள். அறைக் கதவில் உள்தாழ்ப்பாள் இருந்தால் வெளியேயிருந்தும் திறக்கக்கூடியதாக மாற்றுங்கள். பிள்ளை ஏற்கெனவே விட்டுவிட்டார் என்றால், இவற்றைச் செய்யும் அவசரம் உங்கள் வீட்டுக்குத்தான் கூட.